காகிதம் இல்லாமல் பேசலாம்

கிராம சபைக் கூட்டம் நடக்கிறது. பாலக்காடு மாவட்டம், சிற்றூர் தாலுகாவில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அக்கா எழுந்து நிற்கிறார். அவர் தெருவுக்குக் குடிதண்ணீர் வரவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் மகளிடம் சொல்லி, ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி வந்திருக்கிறார். மைக் கைக்கு வருகிறது. கை நடுங்குகிறது. காகிதத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்குகிறார். இரண்டாவது வரியிலேயே பஞ்சாயத்துத் தலைவர் குறுக்கே கேட்கிறார்.

"உங்க தெருவுக்குத்தான் பைப் போட்டாச்சே?"

காகிதத்தில் இந்தக் கேள்வி இல்லை. அதனால் பதிலும் இல்லை. அக்கா திகைத்துப் போய் உட்கார்ந்து விடுகிறார். அடுத்த ஆள் பேச எழுந்துவிட்டார். கேரளத்தில் கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அதாவது, இன்று விட்டால் இனி மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை தண்ணீருக்கு நடைதான்.

இதே அக்காவிடம் மீன்காரர் விலையைக் கூட்டிச் சொல்லிப் பார்க்கட்டும்! அடுத்த நொடியே பதில் வரும். அதற்கு அவருக்குக் காகிதம் வேண்டாம். நினைத்த நேரத்தில் பேசும் திறமை அவரிடம் இருக்கிறது. கூட்டத்தில் மட்டும் அது ஏன் வரவில்லை? மீன்காரர் சொல்வதை அவர் காது கொடுத்துக் கேட்கிறார். கூட்டத்திலோ அவர் கவனம் முழுவதும் காகிதத்தில் இருக்கிறது.

இந்தத் திறமையையே ஒரு கலையாக வளர்த்தவர்கள் பாலக்காட்டில் இருக்கிறார்கள். பொறாட்டு நாடகம் பார்த்திருக்கிறீர்களா? அறுவடை முடிந்த வயலில் மேடை கட்டி, விடிய விடிய ஆடுவார்கள். பாணர் சமுதாயத்தினர் வழிவழியாக நடத்தி வந்த நாடகம் இது. தமிழும் மலையாளமும் கலந்து வரும். குறவன் குறத்தி வருவார்கள். மண்ணான் மண்ணாத்தி வருவார்கள். முன்பெல்லாம் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள்.

இந்த நாடகத்தில் முக்கியமான ஆள் ஒருவர் உண்டு. அவர் பெயர் சோத்தியக்காரன். அதாவது, கேள்வி கேட்பவர். வேடம் கட்டியவர் மேடைக்கு வந்ததும் இவர் மடக்குவார். நீ யார்? எந்த ஊர்? எதற்கு வந்தாய்? ஏன் சண்டை போட்டாய்? பாட்டுகள் முன்பே பாடமானவை. ஆனால் இடையில் வரும் பேச்சில் பெரும்பகுதி அப்போதைக்கப்போது பிறப்பது. கேள்வி எப்படி வருமோ, பதிலும் அப்படிப் போகும். அந்த ஊர்ச் சங்கதி ஒன்றை நடுவில் நுழைத்துவிட்டால் கூட்டம் சிரித்து உருளும். கேள்வியைக் கவனிக்காத நடிகர் அங்கே ஒரு நாள் கூடத் தாக்குப் பிடிக்க முடியாது.

அதே மாவட்டத்தில் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடக்கிறது. 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, திரையில் பாவையின் நிழல் விழச் செய்வார்கள். சில கோயில்களில் 21 இரவு வரை கதை நீளும். கதை கம்பராமாயணம். ஆட்டுகிறவர்களைப் புலவர் என்று மரியாதையாக அழைக்கிறார்கள். கூனத்தறையைச் சேர்ந்த இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இவர்கள் பாடல்களை மனப்பாடம் செய்கிறார்கள். அதில் ஒரு சொல்லும் மாறக் கூடாது. பாடலுக்குப் பொருள் சொல்லும்போது மட்டும் வாய்க்குச் சுதந்திரம் உண்டு. விரித்தும் சொல்லலாம், சுருக்கியும் சொல்லலாம். இவர்கள் பல இரவுகளில் எதிரே ஒரு ஆள் கூட இல்லாமல் பேசுகிறார்கள். பகவதி கேட்கிறாள் என்பது நம்பிக்கை. ஆள் இல்லாத இடத்தில் பேசுவதும் லேசுப்பட்ட காரியம் இல்லை!

புலவர்களின் முறை நமக்கும் உதவும். மாறக் கூடாதது கொஞ்சம், மாறலாம் என்பது நிறைய. கூட்டத்தில் மாறக் கூடாதது எது? கணக்கு. எத்தனை வீடு, எந்தத் தேதியிலிருந்து தண்ணீர் இல்லை, என்ன செய்ய வேண்டும். இந்த மூன்றையும் மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டால் போதும். மற்றச் சொற்கள் தானாக வரும்.

இடுக்கி மாவட்டத்து மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்தது நினைவிருக்கும். கண்ணன் தேவன் தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அதுவரை அவர்களுக்காகத் தொழிற்சங்கத் தலைவர்கள் பேசினார்கள். இந்த முறை தலைவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெண்களே தங்கள் தமிழில் பேசினார்கள். அவர்கள் கையில் இருந்ததும் கணக்குதான். தினக் கூலி 232 ரூபாய். கேட்டது 500 ரூபாய். போனஸ் 20 சதவீதம். போராட்டம் 9 நாள் நடந்தது. போனஸும் கருணைத் தொகையும் சேர்ந்து 20 சதவீதம் கிடைத்தது. கூலி 500 ஆகவில்லை. அடுத்த மாதப் பேச்சுவார்த்தையில் 301 ரூபாய் என்று முடிவானது.

இப்போது தண்ணீர் கேட்ட அக்காவிடம் வருவோம். "பைப் போட்டாச்சே" என்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லலாம்? "இல்லை" என்று சண்டைக்குப் போனால் பேச்சு பைப்பைப் பற்றியே சுற்றும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"ஆமாங்க, பைப் போட்டீங்க. அதுல இப்ப காத்துதான் வருது. 40 வீட்டுக்காரங்க குடத்தோட நிக்கிறோம்."

எதிராளி சொன்னதை ஒப்புக்கொண்டு, அதன் மேல் நம் பேச்சைக் கட்டுவது இது. உடனுக்குடன் நடிக்கும் நாடகக்காரர்களின் முதல் பாடமும் இதுவே. அமெரிக்காவின் சிகாகோ நகரில் வயோலா ஸ்போலின் என்ற பெண்மணி இருந்தார். பல நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு அவர் விளையாட்டு மூலம் நாடகம் கற்றுக் கொடுத்தார். எழுதி வைத்த வசனம் கிடையாது. அந்த விளையாட்டுகளைத் தொகுத்து 1963இல் நூலாக வெளியிட்டார். இன்றும் பல நாடுகளில் அவை பயன்படுகின்றன.

படிப்பு மையத்தில் நீங்களும் விளையாடலாம். ஒருவர் சோத்தியக்காரன் ஆகட்டும். மற்றவர் ரேஷன் கடைக்காரர், வார்டு உறுப்பினர், பஸ் கண்டக்டர் என்று மாறி மாறி வேடம் போடட்டும். கேள்வியை முன்கூட்டியே சொல்லக் கூடாது. பேசும்போது நடுவில் மடக்க வேண்டும். பதில் வராவிட்டால் அவசரப்பட வேண்டாம். கேள்வியையே ஒரு முறை திருப்பிச் சொன்னால் யோசிக்க நேரம் கிடைக்கும். மலையாளத்தில் கேட்டால் தமிழில் பதில் சொல்லிப் பழகுங்கள். நம் எல்லையோர ஊர்களில் இரண்டும் எல்லோருக்கும் புரியும். சொல் தேடித் தடுமாறுவதை விட அது மேல். முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு வாரம் போனால் மடக்குவதற்குத்தான் ஆள் திணறும்.

மைக் பிடிப்பதையும் பழகிக்கொள்ளுங்கள். மைக் இல்லாவிட்டால் ஒரு டம்ளர் போதும். வாய்க்கு நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். ஊதிப் பார்க்க வேண்டாம். முதலில் உங்கள் பெயரையும் தெருவின் பெயரையும் மெதுவாகச் சொல்லுங்கள். அதற்குள் நடுக்கம் பாதி குறைந்துவிடும்.