இது ‘ஊட்டி’ வளர்த்த உடம்பா?

ஆட்டிசம் உள்ள பையன் குண்டாக இருந்தால் எங்க மேட்டுப்பாளையத்தில் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். குற்றவாளி, அம்மா! “ஏனுங்க்கா, இப்படியா ஊட்டி ஊட்டி வளர்ப்பீங்க?” (ஊட்டி ரயில் கிளம்புகிற ஊராச்சே!)

அந்தம்மா என்ன சார் செய்யும்? இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வாயில் படுகிற பதமே பிரச்னை. மொறுமொறு சிப்ஸ் இறங்கும். கீரை மசியலைக் கண்டாலே ஓட்டம். கிரிக்கெட்டுக்கும் யாரும் கூப்பிடுவதில்லை.

போதாததற்கு மருந்து. அடங்காத கோபத்தையும் தன்னைத்தானே அடித்துக்கொள்வதையும் தணிக்க சிலருக்கு ‘ரிஸ்பெரிடோன்’ கொடுப்பார்கள். அது பசியைக் கிளப்பிவிடும். அமெரிக்காவில் 101 பிள்ளைகளிடம் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். எட்டே வாரத்தில், மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 2.7 கிலோ ஏறியிருந்தது. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 0.8 தான். ஆனால் கோபம் நன்றாகக் குறைந்ததும் நிஜம். அதனால் மாத்திரையைத் தடாலென்று நாமே நிறுத்தக் கூடாது. எடையைக் குறித்துவைத்து, ஏறினால் டாக்டரிடம் காட்டணும். ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கணும்.

எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு ரயில் என்றால் உயிர். ‘வாக்கிங்’ என்றால் அசைய மாட்டான். ‘மலை ரயில்’ என்றால் செருப்பைத் தேடுவான். தினமும் காலையில் அவனை ஸ்டேஷனுக்கு நடத்தியே கூட்டிப்போகிறார் அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போகிறேன். அவன் வேகத்துக்கு எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.