எம்ஜிபி காரில் மின்விசிறி பொருத்துதல்

எம்ஜிபி என்பது 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். திறந்த வடிவிலும், ஜிடி எனப்படும் மூடிய வடிவிலும் இது விற்பனைக்கு வந்தது. இதன் 1,798 கன செ.மீ. நான்கு சிலிண்டர் எஞ்சினின் ரேடியேட்டர் வழியே காற்றை இழுக்கும் விசிறி, பெரும்பாலான ஆண்டுகளில் நீர் பம்பின் முகப்பில் பொருத்தப்பட்டு, எஞ்சின் பெல்ட்டால் சுழன்றது. அந்த விசிறியைக் கழற்றிவிட்டு, மின்மோட்டாரால் ஓடும் விசிறியை வைப்பது இக்காரின் உரிமையாளர்கள் பரவலாகச் செய்யும் மாற்றம். விசிறியை மாட்டுவது எளிது. காரின் பழைய மின்னமைப்பு அதற்கு ஈடுகொடுக்குமா என்று பார்ப்பதில்தான் பலர் தவறுகின்றனர்.

பெல்ட் விசிறியின் குறை

பெல்ட்டால் ஓடும் விசிறியின் வேகம் எஞ்சினின் வேகத்தைச் சார்ந்தது. போக்குவரத்து நெரிசலில் கார் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும். விசிறியும் மெதுவாகவே சுழலும். ஆனால் முன்புறக் காற்று இல்லாத அந்த நேரத்தில்தான் விசிறியின் உதவி மிகவும் தேவை. நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழ். கார் ஏறத்தாழ 50 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் கிரில் வழியே பாயும் காற்றே ரேடியேட்டருக்குப் போதுமானது. விசிறியோ அப்போது முழு வேகத்தில் வீணாகச் சுழன்று இரைகிறது.

விசிறி விழுங்கும் திறன் அதன் சுழல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் எடுப்பதைப் போல 64 மடங்கை 4,000 சுற்றில் எடுக்கும். இதைக் காட்டிப் பெரிய குதிரைத்திறன் மிச்சமாகும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. தொடக்கத்தில் விசிறி எடுக்கும் அளவே மிகச் சிறியது என்பதால், ஓட்டுபவர் உணரும் அளவுக்கு வேகம் கூடிவிடாது. இரைச்சல் குறைவதும், எஞ்சின் விரைவாகச் சூடேறுவதும், நெரிசலில் வெப்பமானியின் முள் ஏறாமல் இருப்பதும்தான் உண்மையான பயன்.

உற்பத்தியாளர்களும் இதே முடிவுக்கு வந்தனர். ஜாகுவார் இ-டைப் 1961 இல் அறிமுகமானபோதே மின்விசிறியுடன் வந்தது. 1973 இல் வெளியான எட்டு சிலிண்டர் எம்ஜிபி ஜிடி வி8 காரில் இரண்டு மின்விசிறிகள் இருந்தன. 1977 ஆம் ஆண்டு மாதிரியில் நான்கு சிலிண்டர் காரின் ரேடியேட்டரையும் முன்னே நகர்த்தி மின்விசிறி வைத்தார்கள். எனவே பழைய எம்ஜிபியில் இம்மாற்றத்தைச் செய்வது, அக்காரின் மரபுக்கு முற்றிலும் அந்நியமானதல்ல.

சூடேறுவதற்கான காரணம்

எஞ்சின் எப்போது சூடேறுகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். நெரிசலில் மட்டும் முள் ஏறி, கார் நகர்ந்ததும் இறங்கினால், காற்றோட்டம் போதவில்லை, மின்விசிறி உதவும். திறந்த சாலையில் சீரான வேகத்தில் போகும்போதும் முள் ஏறிக்கொண்டே இருந்தால் குற்றம் விசிறியுடையது அல்ல. ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம்; தீப்பொறி நேரம் பின்தங்கியிருக்கலாம்; எரிபொருள் கலவை மெலிந்திருக்கலாம்; சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் கசியலாம். இக்காரின் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பால் ஆனவை. பல ஆண்டுத் துருவும் சேறும் பிளாக்கின் பின்பகுதியில், நான்காம் சிலிண்டரைச் சுற்றிப் படிந்து நீரோட்டத்தைத் தடுக்கும். அதைக் கழுவி வெளியேற்றாமல் எத்தனை விசிறி வைத்தாலும் பலனில்லை. இந்த நிலையில் புதிய விசிறி நோயை மறைக்கும் மருந்தாகிவிடுகிறது. உரிமையாளர் நம்பிக்கையோடு நெடும்பயணம் கிளம்பி, கேஸ்கெட் வெந்த பிறகே உண்மையை அறிகிறார்.

விசிறியின் இடம்

ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும் விசிறியே பொதுவாகத் திறன் மிக்கது. ஆனால் 1977 க்கு முந்தைய எம்ஜிபியில் ரேடியேட்டர் எஞ்சினுக்கு நெருக்கமாக இருப்பதால், அதற்கும் நீர் பம்புக்கும் இடையே மோட்டாருக்கு இடம் கிடைப்பது அரிது. அதனால் பெரும்பாலோர் முன்புறத்தில் வைத்துக் காற்றைத் தள்ளும் வகையைத் தேர்கின்றனர். ஆயில் கூலர் உள்ள கார்களில் அதன் குழாய்களுக்கு இடம் விட வேண்டும்.

சந்தையில் கிடைக்கும் பல விசிறிகளுடன், ரேடியேட்டரின் தகடுகளுக்கு இடையே நுழைத்து இறுக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் வருகின்றன. அவற்றைத் தவிர்ப்பது நல்லது. சாலை அதிர்வில் விசிறியின் எடை மெல்லிய பித்தளைக் குழாய்களை உரசி, நாளடைவில் துளையிட்டுவிடும். ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் மாட்டிய இரும்புப் பட்டைகளில் விசிறியைத் தாங்கச் செய்வதே பாதுகாப்பு.

பழைய விசிறியைக் கழற்றும்போது கவனிக்க வேண்டிய சிறு செய்தி ஒன்று: விசிறியையும் பம்பின் புல்லியையும் ஒரே போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. விசிறியின் தடிமன் குறைந்துவிட்டதால், அதே போல்ட்டை முழுவதும் முடுக்கினாலும் புல்லி இறுகாமல் போகலாம். குட்டையான போல்ட்டோ தகுந்த வாஷரோ வேண்டும்.

மின்சாரக் கணக்கு

12 அங்குல விட்டமுள்ள ஒரு விசிறி ஓடும்போது ஏறத்தாழ 8 முதல் 10 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். தொடங்கும் கணத்தில் இது பல மடங்காக உயரும். 1967 க்கு முந்தைய எம்ஜிபிகளில் லூகாஸ் சி40 வகை டைனமோ உள்ளது; அதன் உச்ச அளவு 22 ஆம்பியர். இரவில் தாழ்நிலை முகப்பு விளக்கும் பிற விளக்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் கேட்கும். இக்னிஷன் 3 முதல் 4 ஆம்பியர். விசிறியும் சேர்ந்தால் டைனமோவின் எல்லை வந்துவிட்டது. மழை பெய்து வைப்பரும் ஓடினால் எல்லை கடந்துவிட்டது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எல்லை 22 ஆம்பியர் என்பது எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போதுதான். கார் நின்று எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறத்தாழ எதுவும் தராது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குவது அதன் அடையாளம். விசிறி ஓட வேண்டியதோ அதே நேரத்தில். பெல்ட் விசிறியிடம் கண்ட குறை, இப்போது டைனமோவிடம் போய் ஒளிந்துகொண்டது என்றே சொல்லலாம். இரவு நெரிசலில் அரைமணி நேரம் நின்றால் முழுச் சுமையும் பேட்டரியின் மேல் விழும். அப்போது எஞ்சின் நின்றுபோனால் மறுபடி கிளப்ப மின்சாரம் மிஞ்சாது.

1967 இறுதியில் வந்த இரண்டாம் மாதிரி எம்ஜிபியில் 34 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் உள்ளது. மெதுவான ஓட்டத்திலும் அது ஓரளவு மின்னோட்டம் தரும் என்பதால், அக்கார்களுக்கு ஒரு விசிறி பெரிய சுமையல்ல. டைனமோ உள்ள காரில் மின்விசிறி வைக்க நினைப்பவர், ஆல்டர்னேட்டருக்கு மாறுவதையும் சேர்த்தே செலவுக் கணக்குப் போட வேண்டும். நெரிசலில் இரவுப் பயணமே போகாத காருக்கு மட்டும் டைனமோவை விட்டுவைக்கலாம்.

நேர்முனை எர்த்

டைனமோ உள்ள எம்ஜிபிகளில் பேட்டரியின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனையே எர்த். இன்றைய வழக்கப்படி சிவப்புக் கம்பியை மின்சாரத்துக்கும் கறுப்பை உடலுக்கும் கொடுத்தால், பழைய எம்ஜிபியில் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். புகை வராது, ஃபியூஸ் போகாது. விசிறி ஓடும் ஓசையும் கேட்கும். ஆனால் காற்று முன்னோக்கி வீசி, கிரில் வழியே வரும் காற்றை எதிர்த்து நிற்கும். விசிறி இல்லாத காரைவிட இந்தக் கார் மோசமாகச் சூடேறும்.

கம்பிகளை இடம் மாற்றினால் திசை சரியாகிவிடும். மோட்டாரின் எந்த முனையும் அதன் உலோக உறையோடு சேர்ந்திருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. உள்ளே டையோடு உள்ள ரிலேக்களை நேர்முனை எர்த் காரில் கவனமின்றி இணைத்தால் டையோடு எரிந்துவிடும். டையோடு இல்லாத ரிலேயே இங்கு ஏற்றது. சோதிக்க எளிய வழி: கிரிலுக்குப் பின்னால், விசிறிக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தால், அது ரேடியேட்டர் பக்கம் இழுபட வேண்டும்.

ரிலேயும் ஃபியூஸும்

விசிறியின் மின்னோட்டத்தை டாஷ்போர்டுச் சுவிட்ச் வழியாகவோ பழைய இக்னிஷன் சுவிட்ச் வழியாகவோ நேரடியாகக் கொண்டுபோகக் கூடாது. ஐம்பதாண்டுப் பழைய தொடுமுனைகள் அந்தச் சுமையில் சூடாகிக் கருகும். ஸ்டார்ட்டர் சாலினாய்டின் பேட்டரி முனையிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேக்கும், அங்கிருந்து விசிறிக்கும் 2 சதுர மி.மீ. கம்பி போட வேண்டும். இக்கம்பி 17 ஆம்பியர் வரை தாங்கும். ரிலேயை இயக்கும் மெல்லிய கம்பியை மட்டும் இக்னிஷனுக்குப் பின் வரும் இணைப்பிலிருந்து எடுத்தால், சாவியை எடுத்ததும் விசிறி நின்றுவிடும். எஞ்சின் நின்ற பின் நீர் பம்பும் ஓடாது என்பதால், விசிறி தொடர்ந்து ஓடுவதில் பெரிய லாபமில்லை.

பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று இருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர் மட்டுமே. இன்றைய தட்டை ஃபியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. ஆகவே பழைய ஃபியூஸின் எண்ணைப் பார்த்து 35 ஆம்பியர் தட்டை ஃபியூஸ் வைப்பவர், ஃபியூஸுக்கு முன்பே கம்பி எரிய வழி செய்கிறார். ஒற்றை விசிறிக்கு 15 ஆம்பியர் தட்டை ஃபியூஸ் பொதுவாகப் போதும்.

இயங்கும் வெப்பநிலை

எம்ஜிபியின் வழக்கமான தெர்மோஸ்டாட் 82 டிகிரி செல்சியஸில் திறக்கும். விசிறியின் வெப்பச் சுவிட்ச் அதற்கு மேலே, 90 முதல் 95 டிகிரிக்குள் இயங்கத் தொடங்க வேண்டும். 80 டிகிரியில் வைத்தால் விசிறி ஓயாமல் ஓடும். சுவிட்சின் உணரி மேல் குழாயில் இருந்தால் எஞ்சினிலிருந்து வரும் சூடான நீரை அளக்கும். ரேடியேட்டரின் அடிப்பகுதியில் இருந்தால் ஏற்கெனவே ஆறிய நீரை அளக்கும். அடியில் வைக்கும் சுவிட்சுக்குச் சில டிகிரி குறைவான அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியையும் இத்துடன் சோதிப்பது நல்லது. சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால், நீர் ஏறத்தாழ 115 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் காரை நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, விசிறி தானாகத் தொடங்கி, சில நிமிடங்களில் தானாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விசிறி ஓடிக்கொண்டிருக்கையில் முகப்பு விளக்கையும் போட்டு, பேட்டரி முனைகளில் மின்னழுத்தத்தை அளக்கலாம். அது 12.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் பேட்டரி வடிந்துகொண்டிருக்கிறது. கழற்றிய பழைய விசிறியையும் அதன் போல்ட்டுகளையும் பலர் பத்திரப்படுத்தி வைக்கின்றனர். கார் விற்பனைக்குப் போகும்போது, அசல் நிலையில் கேட்கும் வாங்குநருக்கு அவற்றைக் கொடுக்க முடியும்.