வீட்டுக்குள் வரும் கம்பு

சிலம்பம் கற்க வரும் பிள்ளையின் கையில் பழைய வாத்தியார்கள் எடுத்த எடுப்பில் கம்பைக் கொடுப்பதில்லை. முதலில் காலடிதான். எந்தக் கால் முன்னே போகிறது, எது ஊன்றி நிற்கிறது, திரும்பும்போது உடம்பின் பாரம் எதில் இறங்குகிறது என்பதெல்லாம் பிடிபட்ட பிறகே வீச்சு. இன்று அந்தப் பொறுமை குறைந்திருக்கிறது. கம்பு சுழல்வதைப் பார்த்து ஆசைப்பட்டு வந்த ஏழு வயதுப் பிள்ளையை மாதக்கணக்கில் வெறுங்கையோடு நிறுத்தினால் அடுத்த வாரம் அது வராது. அதனால் காலடியும் வீச்சும் சேர்ந்தே நடக்கின்றன. கம்பு பெரும்பாலும் மூங்கில் அல்லது பிரம்பு. பிடிப்பவரின் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. பிள்ளை வளர வளரக் கம்பும் மாற வேண்டும்.

ஒற்றைக் கம்பு கை வந்தபின் இரட்டைக் கம்பு, மான்கொம்பு, வாள், சுருள்வாள் என்று பாடம் போகும். ஆயுதமில்லாத குத்துவரிசை தனிப் பிரிவு. போட்டிகளில் அழகுக்கு ஒரு முறை, மோதலுக்கு ஒரு முறை. இரண்டாவதன் பெயர் தொடுமுறை. எதிராளியின் உடம்பில் கம்பு பட்டாலே புள்ளி. ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. சிலம்பத்தின் மொத்தக் கட்டுப்பாடும் இந்த ஒரு விதியில் இருக்கிறது. வேகமாக வரும் கம்பைத் தோலின் மேல் நிறுத்துவது, அடிப்பதைவிடக் கடினம்.

காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊரில் இந்தப் பயிற்சியின் பொருள் கொஞ்சம் வேறு. குழித்தறியில் நெசவாளி தரைமட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிறார். காலும் கையும் ஓயாமல் இயங்கும், ஆனால் உட்கார்ந்த இடம் மாறாது. முதுகுவலியும் முழங்கால் வலியும் இந்தத் தொழிலோடு வருபவை. உடலும் கரையும் தனி நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் வீட்டுப் பையனோ கூலிக்கு வந்த சிறுவனோதான். குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு முயற்சிகளும் பள்ளிக்கூடமும் அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பின. பிள்ளைக்கு மாலை நேரம் என்று ஒன்று கிடைத்த பிறகே கம்பும் கராத்தே உடையும் இப்படிப்பட்ட வீடுகளுக்குள் வர முடியும்.

வந்தபின் வீட்டின் நேரக்கணக்கு மாறுகிறது. விடிகாலையில் யாராவது எழுந்து பிள்ளையை மைதானத்தில் கொண்டுபோய் விட வேண்டும். கட்டணம், உடை, போட்டிக்குப் போகும் பேருந்துச் செலவு எல்லாம் சேரும். விரல் கணுவில் அடிபட்டு வீங்கிய நாளில், இதெல்லாம் தேவைதானா என்ற பேச்சு எழும். பெண் பிள்ளையாக இருந்தால் அந்தப் பேச்சு இன்னும் உரக்க ஒலித்த காலம் உண்டு. தற்காப்பு என்ற சொல் இப்போது அதை ஓரளவு அடக்கியிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் தற்காப்புப் பயிற்சித் திட்டமே இருக்கிறது. ஆனால் சில மாதப் பயிற்சி ஆபத்தைத் தடுத்துவிடும் என்று பெற்றோர் நம்புவது அதிகப்படி. அது தருவது பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும் பழக்கமும், கத்த வேண்டிய நேரத்தில் கத்தும் துணிவும்தான். அவை சின்ன விஷயங்கள் அல்ல.

காஞ்சிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமையும் உண்டு. 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு, இங்கிருந்து போன போதிதர்மர்தான் சீனர்களுக்குச் சண்டைக்கலை கற்பித்தார் என்பது வீடு வீடாகப் பரவியது. சீன ஆவணங்கள் சொல்வது அவ்வளவு நேர்கோடாக இல்லை. 547ஆம் ஆண்டை ஒட்டி யாங் சுவான்ஷி எழுதிய லுவோயாங் நகர மடங்களின் குறிப்பு அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. தென்னிந்திய அரசனின் மூன்றாவது மகன் என்பது தான்லின் என்பவரின் குறிப்பு. காஞ்சி என்று படிக்கத்தக்க பெயர் பல நூற்றாண்டு கழித்தே வருகிறது. சண்டைக்கலையோடு அவரை இணைக்கும் உடற்பயிற்சி நூலோ 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் முடிவு. பெருமைக்கு ஊருக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது. வாதாபியை வென்ற பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டம் மாமல்லன். பெரிய மற்போர் வீரன் என்று பொருள். அவன் சாளுக்கிய மன்னன் புலிகேசியோடு மோதிய மணிமங்கலம் இன்றும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுற்றுச்சுவரில் பல்லவர் வரலாறே போர்க் காட்சிகளோடு சிற்பமாக நிற்கிறது. இவை அரசரின் கலை. கம்பு, எளியவர் கைக்கும் எட்டியது.

இப்போது அந்தக் கம்புக்கு அரசின் அங்கீகாரமும் கிடைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் அது சேர்ந்திருக்கிறது. பெற்றோர் சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கி வைப்பதற்கு இது நியாயமான காரணம். கண்ணைக் கட்டிக்கொண்டும் பானை மேல் நின்றுகொண்டும் மணிக்கணக்கில் சுற்றி 'உலக சாதனை' வாங்கும் வழக்கத்துக்கு அந்த நியாயம் இல்லை. அங்கே களைப்பது பிள்ளை, காலடி கூடுவதில்லை.

பல வீடுகளில் பத்தாம் வகுப்பு வந்ததும் பயிற்சி நின்றுவிடும். பொதுத்தேர்வு முடிந்து திரும்பி வருபவர் சிலரே. அவர்களில் ஓரிருவர் புதிதாக வந்த பொடியன்களுக்குக் காலடி சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறார்கள். மற்றவர்களின் கம்பு மூலையில் சாத்தியிருக்கும், தம்பியோ தங்கையோ அதன் உயரத்துக்கு வரும் வரை.