பதுளையிலிருந்து ஒரு பகற்பயணம்

உள்ளூர் மாடு விலைபோகாதென்பது பழமொழி. விடுமுறை வந்தால் பதுளையிலுள்ளோர் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ கதிர்காமத்துக்கோ மூட்டை கட்டுகின்றனர். கடல் கடந்து வருவோரோ, பதுளைக்கு அணித்தேயுள்ள மலைச்சரிவுகளைக் காண்பதற்கென்றே பெரும்பொருள் செலவிட்டு வருகின்றனர். கட்டுச்சோறும் ஒரு குடையும் கொண்டு காலையிற் புறப்பட்டு, விளக்கேற்றும் வேளைக்கு வீடு திரும்பக்கூடிய தொலைவில் உள்ளவற்றையே இங்கு நோக்குவோம்.

ஊவா மாகாணத்தின் தலைநகரான பதுளை, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,200 அடி உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியிற்போல் அமைந்துள்ளது. தென்கிழக்கே நமுனுகுலை 6,600 அடிக்கு மேல் ஓங்கி நிற்கின்றது. கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1924 ஆம் ஆண்டு இந்நகரை வந்தடைந்து, இங்கேயே முடிவுற்றது. முதியங்கனை விகாரையையும், 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்ட தேவாலயத்தையும் வண்டி புறப்படுமுன் கண்டுகொள்ளலாம். எண்ணிறந்த யானைகளைச் சுட்டு வீழ்த்தியவரெனப் பெயர்பெற்ற அவரை மின்னல் கொன்றதைப் பற்றி ஊரார் சொல்லும் விளக்கங்கள் பல.

எல்ல என்னும் ஊர்வரை செல்ல வண்டிக்கு ஒரு மணி நேரமளவு ஆகும். அவசரக்காரர் பஸ்ஸில் விரைவிற் போய்விடுவர். ஆனால் வண்டியின் மந்தகதியே இப்பயணத்தின் பயன். ஆலிஎல தாண்டியதும் ஓர் உண்மை கண்ணுக்குப் புலனாகும். பள்ளத்தாக்கின் அடியிற் படிப்படியாக வயல்கள். அவற்றின் மேலே வீட்டுத் தோட்டங்கள். அதற்கும் மேலே உச்சிவரை தேயிலை. கீழே சிங்களக் கிராமம், மேலே தமிழர் வாழும் லயம். ஊவாவின் சரித்திரத்தில் ஒரு பாதியை நூல்களைப் புரட்டாமலே சன்னல் வழியாகப் படித்துவிடலாம்.

அடுத்து வருவது தெமோதரை. இங்கு வண்டி ஒரு சுரங்கவழியுட் புகுந்து வெளிப்பட்டு, ஒரு குன்றைச் சுற்றி வளைந்து ஏறி, சற்று முன் தான் நுழைந்து வந்த சுரங்கத்துக்கு நேர் மேலே உள்ள நிலையத்தில் வந்து நிற்கும். இவ்விந்தைக்குக் காரணம் மிக எளியது. மலைநாட்டுப் பாதையில் 44 அடி நீளத்துக்கு ஓரடி உயரமே மிகக் கடுமையான ஏற்றமாகக் கொள்ளப்பட்டது. அதற்கு மேற் செங்குத்தாயின் கனத்த வண்டியை இழுத்தல் அரிது. தெமோதரையிலோ குறுகிய இடத்திற் பெரும் உயரத்தைக் கடக்கவேண்டியிருந்தது. உயரத்தைக் குறைக்க முடியாது. ஆகவே நீளத்தைக் கூட்டினர். நேரே ஏற இயலாத வண்டி சுற்றி ஏறுகின்றது.

இதனையொட்டி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. வழி தோன்றாது பொறியியலாளர் விமலசுரேந்திரா திகைத்து நின்ற வேளையில், அருகே நின்ற கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டினாராம். துணி தன்மேல் தானே ஏறிச் சுற்றுவதைக் கண்ட பொறியியலாளர் பாதையையும் அவ்வாறே அமைத்தாராம். கதை மெய்யோ பொய்யோ, இவ்வமைப்பை மாணவர்க்கு விளக்குவதற்கு ஒரு துண்டுத் துணியினும் சிறந்த கருவி கிடையாது.

தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் உள்ளது. 1921 இல் முடிவுற்ற இப்பாலம் ஏறத்தாழ 300 அடி நீளமும் 80 அடி உயரமும் உடையது. உருக்குச் சட்டங்களின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்துமே கொண்டு கட்டப்பட்டது. இன்று படம் பிடிப்போர் கூட்டம் அங்கே மிகுதி. தண்டவாளத்தின்மீது நடந்து திரிதல் ஆபத்தென்பதைப் பெரியோரே மறந்துவிடுகின்றனர்.

எல்லவில் இறங்கியதும் கட்டுச்சோற்றை அவிழ்க்கத்தக்க இடம், மலைகள் இரண்டாகப் பிளந்து தெற்கே தாழ்நிலம் தெரியும் கணவாய் முகம். யூலை முதல் செப்டெம்பர் வரை இங்கு நிற்போர் கச்சான் காற்றின் வலிமையை உணர்வர். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளிற் பொழிந்துவிட்டு, ஈரமிழந்து ஊவாவின்மேல் இறங்குகின்றது. அவ்வறட்சியிற் கொழுந்து மெல்லவே வளரும், இலையின் சாறு செறியும், வாசனை கூடும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குள்ள தனிமதிப்பு இப்பருவத்துக் கொழுந்தினால் வந்தது. வேறிடத்துச் செடிக்குக் கேடாகும் காற்று இங்கே பொன்னாகின்றது. கொழுந்து குறைவாகக் கிடைக்கும் அந்நாட்களிற் கூடையை நிரப்புவது கடினமென்பதை மடுவத்தில் நிறுவைக்கு நிற்கும் பெண்களைக் கேட்டால் அறியலாம்.

ஆண்டின் இறுதி மாதங்களில் வாடைக்காற்று மழை கொண்டுவரும், மண் சரியும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. உல்லாசப் பயணத்துக்கு அம்மாதங்கள் ஏற்றவையல்ல. அங்கு வாழ்வோர்க்கோ மாதத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையில்லை.

மாலையில் எல்ல நிலையத்திற் காத்திருப்போர் இன்னொரு செய்தியையும் நினைவுகொள்ளலாம். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இற் செய்த உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. இப்பாதையிலுள்ள நிலையங்களிலிருந்தே குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு தலைமன்னாருக்குப் புறப்பட்டன. அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தன. தமையன் போக, தங்கை நிற்பாள். பெற்றோர் நிற்க, மணமான மகள் போவாள். மேடையில் எழுந்த அழுகையைக் கேட்டவர்கள் அவ்வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயரிட்டனர். 1984 இற் கப்பல் நின்றது. எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக் குடியுரிமை அளித்தது. அம்மேடைகளில் இதனைக் கூறும் கல்வெட்டு ஒன்றேனும் நாட்டுதல் தகும்.

திரும்பும் வண்டி தெமோதரையில் நின்று புறப்பட்டு, குன்றைச் சுற்றிக் கீழிறங்கும். காலையிற் காணத் தவறிய பிள்ளைகள் சன்னலோரம் இடம் பிடித்தால், சற்று முன் நின்ற நிலையம் தலைக்குமேல் நிற்பதை இம்முறை கண்டுகொள்வர். பதுளையிலிருந்து மூன்று மைல் தொலைவிலுள்ள துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியை இதே நாளில் சேர்த்துக்கொள்ள முயலவேண்டாம். வீதியிலிருந்து அருவிக்குச் செல்லும் ஒற்றையடிப்பாதை ஒரு மைலளவு நீளும். 210 அடி உயரத்திலிருந்து விழும் பதுளு ஓயாவின் நீர்த்திவலை ஆடையை நனைக்காமல் விடாது. அதற்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.