உஷார்! எஃப்.டி. வட்டி இறங்கும் நேரம் இது

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் ஓய்வுக்காலப் பணத்தை வட்டிக்குப் போட்டுக் குடும்பம் நடத்தும் எல்லோருக்கும் அவசரமாக ஒரு விஷயம். உங்கள் எஃப்.டி. அடுத்த தடவை முதிரும்போது பழைய வட்டி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். 2025 பிப்ரவரியில் தொடங்கி டிசம்பருக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலிருந்து 5.25-க்கு இறக்கியது. வங்கிகளும் டெபாசிட் வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்தன. மாத்திரைச் செலவும் அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸும் குறையவில்லை. மாதாமாதம் விழும் அந்தத் துண்டைப் பார்த்துத்தான் ஆட்கள் வருகிறார்கள். "பேங்க்ல என்ன மாமி கிடைக்கறது? நம்மகிட்ட போடுங்கோ" என்று வீடு தேடி வருகிறார்கள், வாட்ஸ்அப்பிலும் வருகிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன் தெற்கு மாட வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-ல் தொடங்கியது. தாத்தா போட்டார், அப்பா போட்டார், நாமும் போடுவோம் என்று ஊரே நம்பிய இடம். பத்து, பதினொன்று சதவீத வட்டி. 2024-ல் வட்டி வரவில்லை, முதிர்வுத் தொகை வரவில்லை என்று புகார்கள் குவிந்தன. ஆகஸ்ட் 13 அன்று, நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த தேவநாதன் யாதவைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் கைது செய்தது. சுமார் 5,000 பேர், 525 கோடி ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் மூத்த குடிமக்கள். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க எழுபத்தைந்து வயதில் யாரால் முடியும்?

இந்த ஃபண்ட் போன்ற 'நிதி' நிறுவனம் வேறு, வங்கி வேறு. வங்கி முடங்கினால் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. நிதி நிறுவனத்தில் அது கிடையாது. 2014-ஆம் ஆண்டின் நிதி விதிகள் சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்கின்றன. டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்யக் கூடாது. ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் தரக் கூடாது. வாங்கிய டெபாசிட்டில் பத்து சதவீதமாவது வங்கியிலோ தபால் நிலையத்திலோ அடமானம் வைக்காத டெபாசிட்டாக இருக்க வேண்டும். ஏஜென்ட் வீடு தேடி வந்தாலே, முதல் இரண்டில் ஒன்று மீறப்பட்டிருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். தணிக்கை செய்த கடைசி ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய பெயர், பெரிய கட்டடம், தெரிந்த மனிதர் என்ற காரணங்களால் சென்னை ஏமாந்தது இது முதல் தடவை இல்லை. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானபோது, மதராஸில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அதன் லண்டன் கூட்டாளி நடத்திய சூதாட்ட முதலீடுகள் இங்கே டெபாசிட் போட்டவர் யாருக்கும் தெரியாது. அந்த அடிக்குப் பிறகுதான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்நின்று, 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது.

இப்போது வலை ஃபோனிலேயே விரிகிறது. உங்களைக் கேட்காமலே ஒரு குரூப்பில் சேர்ப்பார்கள். அதில் ஒரு 'புரொஃபசர்' தினமும் காலையில் ஷேர் டிப்ஸ் கொடுப்பார். "சார், நேத்து 40,000 லாபம், கோடி நன்றி" என்று பத்துப் பேர் எழுதுவார்கள். அந்தப் பத்துப் பேரும் அவர்களுடைய ஆட்களே. ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள். ஐயாயிரம் போட்டால் ஆறாயிரம் காட்டும், அதை எடுக்கவும் விடுவார்கள். நம்பிக்கை வந்ததும் லட்சங்கள் போகும். திரையில் தொகை ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போகும் அன்றைக்கு, "முதலில் இருபது சதவீதம் வரி கட்டுங்கள்" என்பார்கள். இந்தியாவில் எந்தப் புரோக்கரும் உங்கள் பணத்தை உங்களுக்குத் தர முன்கூட்டி வரி வசூலிப்பதில்லை. பணம் போகும் கணக்கைப் பாருங்கள்: ஒருநாள் ஏதோ டிரேடர்ஸ், மறுநாள் ஏதோ எண்டர்பிரைசஸ். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு செய்த நிறுவனங்களுக்கு 2025 அக்டோபர் முதல் '@valid' என்று வரும் யு.பி.ஐ. முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறது. செபி செக் என்ற வசதியில் அதைச் சரிபார்க்கலாம். நீங்கள் வாங்கியதாகச் சொல்லும் பங்கு பங்குகளைக் கணக்கில் வைத்திருக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். அனுப்பும் ஸ்டேட்மென்டில் இல்லையென்றால், அந்தப் பங்கு எங்கேயும் இல்லை.

வீட்டுப் பிள்ளைகளையும் கவனியுங்கள். ஆப்ஷன் டிரேடிங் அவர்களிடம் காய்ச்சல்போல் பரவியிருக்கிறது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை செபி ஆராய்ந்தது. எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31-லிருந்து 43 சதவீதமாக ஏறியது. அடுத்த நிதியாண்டில் விதிகள் இறுக்கப்பட்டன. அப்போதும் 91 சதவீதம் பேர் தோற்றார்கள். திங்கட்கிழமை நூறு ரூபாய் பிரீமியத்துக்கு வாங்கிய நிஃப்டி ஆப்ஷன், செவ்வாய் மூன்றரை மணிக்கு எக்ஸ்பைரியில் பூஜ்யம் ஆகலாம். அதற்காக உஸ்மான் ரோட்டில் அம்மா பார்த்துப் பார்த்து வாங்கிய வளையல் அடகுக்குப் போவதை நினைத்தாலே வயிறு எரிகிறது. தயவுசெய்து கடன் வாங்கி இதில் இறங்காதீர்கள்.

சரி, ஒழுங்கான பங்கு, ஒழுங்கான மியூச்சுவல் ஃபண்ட் என்றால்? அதற்கும் காலக்கணக்கு வேண்டும். 2024 செப்டம்பர் 27-ல் 26,277-ஐத் தொட்ட நிஃப்டி, 2025 பிப்ரவரி கடைசியில் 22,124-க்கு வந்தது. தொடர்ந்து ஐந்து மாதம் இறக்கம்; 1996-க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. பழைய உச்சத்தைத் தாண்ட 2025 நவம்பர் கடைசி ஆயிற்று. நடுவில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்காவின் 50 சதவீத வரி, வெளிநாட்டு முதலீட்டாளர்களின் விற்பனை என்று அடி மேல் அடி. டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. பொறுத்தவர்கள் மீண்டார்கள். அந்தப் பதினான்கு மாதங்களுக்குள் பெண் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ பணம் எடுத்தே ஆகவேண்டியவர்கள் என்ன செய்திருப்பார்கள்? ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் ஒரு ரூபாய்கூடப் பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அறுபது தாண்டியவர்களுக்குத் தபால் நிலையத்திலேயே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது: 30 லட்சம் வரை போடலாம், 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக்கிய வட்டியை, ரெப்போ இறங்கிய 2025 முழுவதும் குறைக்கவில்லை. வட்டி காலாண்டுக்கு ஒருமுறை மாறலாம் என்பதால் போடும் அன்று கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே ஆன்லைனில் பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தகவல் போனால்தான் வங்கியால் முடக்க முடியும். யு.டி.ஆர். என்ற பணப் பரிமாற்ற எண், குரூப் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய கணக்கு விவரம் எதையும் அழிக்க வேண்டாம். "இன்னும் கொஞ்சம் கட்டினால் மொத்தமும் வரும்" என்று அடுத்த அழைப்பு நிச்சயம் வரும். எடுக்காதீர்கள்.