சேவல் கூவினால் யாரிடம் முறையிடுவது?

கோயம்புத்தூரின் புறநகர்ப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இந்தச் சச்சரவு புதிதல்ல. ஒரு பக்கம் நான்கு பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கும் பழைய ஓட்டு வீடு; அதன் மதிலை ஒட்டிப் புதிதாக எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. விடியலுக்கு முன்பே சேவல் கூவுகிறது என்றும், மழைநாளில் எருவாடை தாங்கவில்லை என்றும் புதியவர்கள் குறைபடுகிறார்கள். மூன்று தலைமுறையாக இங்கேதான் கோழி வளர்க்கிறோம், இப்போது வந்தவர்கள் எங்களை எப்படிக் கேள்வி கேட்கலாம் என்று பழையவர்கள் கேட்கிறார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எது அனுமதி, எது மீறல் என்று இருவருக்கும் தெளிவாகச் சொல்லும் விதிதான் கண்ணில் படுவதில்லை.

இந்தச் சிக்கலின் வேர் கோழியில் இல்லை, எல்லைக்கோட்டில் இருக்கிறது. 2011-இல் கோவை மாநகராட்சியின் வார்டுகள் 72-இலிருந்து 100 ஆயின. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் ஆகிய நகராட்சிகளும், வடவள்ளி, வீரகேரளம், துடியலூர், வெள்ளக்கிணறு, சின்னவேடம்பட்டி, சரவணம்பட்டி, காளப்பட்டி ஆகிய பேரூராட்சிகளும், விளாங்குறிச்சி ஊராட்சியும் மாநகருடன் இணைந்தன. தோட்டத்துச் சாளைகளும் நத்தத்து வீடுகளும் ஒரே நாளில் மாநகராட்சி வார்டுகளாயின. கொடாப்பும் பஞ்சாரமும் இருந்த இடத்திலேயே இருந்தன; அவற்றின் மீது பாயும் சட்டம் மாறிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதைக் கட்டுப்படுத்தி முறைப்படுத்துவதற்கென்றே தமிழ்நாட்டில் 1997-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. உள்ளாட்சி அமைப்பின் உரிமம் பெற்றே வளர்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால், வீட்டு முற்றத்தில் நான்கு கோழி வைத்திருக்கும் ஒருவர் உரிமம் கேட்டு மாநகராட்சியின் மண்டல அலுவலகப் படியேறியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்படியொரு தேவை இருப்பதே பலருக்குத் தெரியாது.

இரண்டாவது, பொதுச் சுகாதாரம். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், சுகாதாரக் கேடு விளையும் வகையில் விலங்குகளை வைத்திருப்பதைத் தொல்லைகளின் பட்டியலில் சேர்க்கிறது. இங்கே கேள்வி கோழி வளர்க்கலாமா என்பதல்ல, எப்படி வளர்க்கிறோம் என்பதே. மூன்றாவது, குற்றவியல் சட்டங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுத்தொல்லை குற்றமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதனுடன் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு, பொதுத்தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரத்தைக் கோட்டாட்சியர் உள்ளிட்ட நிர்வாக நடுவர்களுக்கு அளிக்கிறது. ஒரே ஒருவரின் எரிச்சல் இதற்குப் போதாது. சுற்றுவட்டார மக்களின் உடல்நலமோ வசதியோ பாதிக்கப்பட வேண்டும்.

நான்காவது, ஒலி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. ஒலிபெருக்கிகளையும் இயந்திரங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள் இவை. சேவல் பெரும்பாலும் கூவுவதோ அந்த இரவு வரம்புக்குள்தான்.

பெரிய பண்ணைகளுக்கு விதிகள் தெளிவாக உள்ளன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் திருத்திய வழிகாட்டுதல்படி 5,000 பறவைகளும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும். குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பல்லடத்திலும் உடுமலையிலும் கறிக்கோழிக் கொட்டகை போடுபவருக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். ஐந்து கோழி வளர்ப்பவருக்குத்தான் தெரியாது.

கூவுவதற்கு ஒரு கடிகாரம்

விதி வகுக்க வேண்டுமானால் பறவையின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும். சேவல் வெளிச்சத்தைக் கண்டு கூவுகிறது என்பது பொதுவான எண்ணம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, அதன் உடலுக்குள் இருக்கும் கடிகாரமே கூவலைத் தூண்டுகிறது என்று காட்டியது. மங்கலான ஒளி மாறாமல் இருந்த அறையிலும் சேவல்கள் ஏறக்குறைய ஒருநாள் சுழற்சியில் கூவின. வெளிச்சம் வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே அவை கூவத் தொடங்குகின்றன. சேவல்களுக்குள் வரிசையும் உண்டு. வரிசையில் உயர்ந்த சேவல் முதலில் கூவ, மற்றவை தொடர்கின்றன. ஆகவே, கூண்டைச் சாக்குப்பையால் மூடினால் ஒலி சற்று அடங்கலாம், பழக்கம் நிற்காது. ஒரு தெருவில் நான்கு வீடுகளில் சேவல் இருந்தால் ஒன்றை மட்டும் அடக்கிப் பயனும் இல்லை.

இன்னொரு எளிய உண்மையும் இருக்கிறது. முட்டை இடுவதற்குப் பெட்டைக்கோழிக்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் தேவை. வீட்டுத் தேவைக்கு முட்டை வேண்டும் என்பவர் பெட்டைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நியூயார்க் நகரம் இந்த வேறுபாட்டையே விதியாக்கியிருக்கிறது: பெட்டைக்கோழி வளர்க்கலாம், சேவலுக்கு இடமில்லை.

ஆனால், கொங்கு நாட்டில் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே நாட்டுக்கோழி வளர்ப்பின் பொருளாதாரமே அடைகாப்பதில் இருக்கிறது. ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையிட்டு, அடையில் அமர்ந்து, 21 நாளில் குஞ்சுகளோடு எழும் கோழிதான் வீட்டுப் பெண்களுக்குச் சிறுசேமிப்பு. பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் இரண்டு கோழியை விற்றுச் சமாளித்த குடும்பங்கள் இந்த மண்ணில் ஏராளம். பெருவிடை, சிறுவிடை என்று இனம் பிரித்துப் பேணும் மரபும் இந்த முற்றங்களில்தான் வாழ்கிறது. ஆகவே, சேவலுக்கு ஒட்டுமொத்தத் தடை என்பது குறைகூறுபவருக்கு உதவும் அளவுக்கு வளர்ப்பவருக்கு அநீதியாகவும் முடியும்.

பிற ஊர்களின் பாடம்

கேரளத்தின் அடூர் அருகே பள்ளிக்கல்லில், அதிகாலை மூன்று மணிக்கே கூவும் பக்கத்து வீட்டுச் சேவலால் தூக்கம் கெடுகிறது என்று முதியவர் ஒருவர் முறையிட்டார். 2025 பிப்ரவரியில் கோட்டாட்சியர் இரு தரப்பையும் விசாரித்து, மாடியில் இருந்த கோழிக்கூண்டை வீட்டு வளாகத்தின் வேறொரு பக்கத்துக்கு மாற்றும்படி உத்தரவிட்டார். கோழியைப் பறிக்காமல் இடத்தை மட்டும் மாற்றிய தீர்வு அது. சிங்கப்பூரில் நடந்தது வேறு. சின் மிங் பகுதியில் திரிந்த 24 கோழிகளை, இரைச்சல் குறித்த புகார்களுக்குப் பின் 2017-இல் அரசு அமைப்பு கொன்றது. அதற்குப் பொதுமக்களிடமே கடும் எதிர்ப்பு எழுந்தது.

பிரான்ஸில் ஒலேரோன் தீவில் மோரிஸ் என்ற சேவலின் மீது விடுமுறை வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கில், 2019-இல் நீதிமன்றம் சேவலின் பக்கம் நின்றது. 2021 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றம், கிராமப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாக ஏற்கும் சட்டத்தையே இயற்றியது. நம் நத்தம் பகுதிகளைப் பற்றி யோசிக்கும்போது இது நினைவில் கொள்ளத்தக்கது. மாநகராட்சியின் வரைபடத்தில் வார்டாக இருந்தாலும், வாழ்முறையில் இன்னும் ஊராகவே இருக்கும் பகுதிகள் அவை.

உண்மையான அபாயம்

இரைச்சலையும் வாடையையும் விடப் பெரியதொரு காரணத்துக்காகவும் நமக்கு விதி வேண்டும். பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மராட்டிய மாநிலம் நவாபூரில் உறுதியானது. அண்டை மாநிலமான கேரளத்தின் ஆலப்புழையில் 2021-இலும் 2024-இலும் அது தலைகாட்டியது. அப்போதெல்லாம் வாளையாறு உள்ளிட்ட நம் எல்லைச் சோதனைச் சாவடிகளில் வாகனங்களுக்குக் கிருமிநாசினி தெளித்தார்கள். தேசியச் செயல்திட்டத்தின்படி, நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பறவைகளை அழிக்க வேண்டும். பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிக்க வேண்டும். அழிக்கப்படும் பறவைக்கு இழப்பீடு உண்டு.

இப்போது கோவையின் ஒரு வார்டை எண்ணிப் பாருங்கள். எந்த வீட்டில் எத்தனை கோழி என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உரிமமின்றி வளர்ப்பவர் அபராதத்துக்கு அஞ்சி, இரவோடு இரவாகக் கோழிகளைச் சாக்கில் கட்டி உறவினர் தோட்டத்துக்கு அனுப்புவார். நோய் அந்தச் சாக்கிலேயே பயணம் செய்யும். அது போய்ச் சேரும் திசையில் பல்லடமும் பொங்கலூரும் சூலூரும் இருக்கின்றன. கடன் வாங்கிக் கொட்டகை போட்ட வளர்ப்பு விவசாயிகள் இருக்கிறார்கள். பண்ணைத் தொழிலாளர்கள் தங்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்று உயிர்ப் பாதுகாப்பு நெறிகள் வலியுறுத்துவது இதனால்தான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல், ஒரே ஒரு கோழி வைத்திருப்பவரும் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் 50 பறவைகளோ அதற்கு மேலோ இருந்தால் மட்டுமே அது கட்டாயம். நோய் வந்தால் உடனே எச்சரிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

என்ன செய்யலாம்?

எங்கள் பகுதிக் குடியிருப்போர் கூட்டமொன்றில் இரு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்டபோது நான் உணர்ந்தது இதுதான்: குறை சொன்னவர்களில் பெரும்பாலோர் கோழியே கூடாது என்று சொல்லவில்லை, வளர்ப்பவர்களும் எந்தக் கட்டுப்பாடும் கூடாது என்று சொல்லவில்லை. அந்த நடுவழியை விதியாக எழுதுவது மாநகராட்சியின் வேலை.

முதலாவதாக, பத்துக்குள் கோழி வளர்ப்பவர்களுக்கு உரிமத்துக்குப் பதில் கட்டணமில்லாத எளிய பதிவு போதும். வார்டு அலுவலகத்திலோ கால்நடை மருந்தகத்திலோ பெயரும் எண்ணிக்கையும் எழுதிக்கொண்டால் ஆயிற்று. பதிவைத் தடுப்பூசியுடன் இணைக்கலாம். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் அழைக்கும் ராணிக்கெட் நோய்க்குக் கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துகிறது. ஊசி போட வரும் இடத்திலேயே பெயரைப் பதிந்துகொண்டால், அதிகாரிக்குப் பயந்து ஒளியும் பழக்கம் குறையும்.

இரண்டாவதாக, சேவல் விஷயத்தில் இடத்துக்கேற்ற விதி வேண்டும். அடுக்குமாடிகளிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளிலும் பெட்டைகளுக்கு மட்டும் அனுமதி. நத்தம் பகுதிகளிலும் தோட்ட வீடுகளிலும் ஒரு சேவல், இரவில் அடுத்த வீட்டுச் சன்னலிலிருந்து தள்ளி அடைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன். சேவல்கட்டுக்காகப் பத்து இருபது சேவல்களை வரிசையாகக் கட்டி வளர்ப்பது வீட்டு வளர்ப்பில் சேராது. விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

மூன்றாவதாக, சுத்தம். கோழி எரு ஈரமானால்தான் அம்மோனியா வாடை கிளம்பும், ஈ மொய்க்கும். கறிக்கோழிக் கொட்டகைகளில் தேங்காய் நார்க்கழிவைப் பரப்பித் தரையை உலர்வாக வைப்பது நம் வட்டாரத்தில் அன்றாட வழக்கம். முற்றத்துக் கூண்டுக்கும் அது போதும். சிந்திய தீவனம் எலியைக் கூப்பிடும். எலி பாம்பைக் கூப்பிடும். ஆகவே, தீவனத்தை மூடிவைப்பதும் விதியில் இடம்பெற வேண்டும்.

நான்காவதாக, புகார் வந்தால் முதலில் எழுத்து மூலம் அறிவிப்பு, சரிசெய்ய இரண்டு வாரம், பிறகுதான் நடவடிக்கை என்ற படிநிலை தேவை. இப்போது புகாரின் வேகம் யார் புகார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. வாடகை வீட்டில் இருக்கும் ஏழைப் பெண்ணின் கோழிக்கூண்டு ஒரே நாளில் அகற்றப்படும். செல்வாக்குள்ளவரின் வளாகத்தில் இருக்கும் இருபது சேவல்கள் யார் கண்ணிலும் படாது. எழுதப்பட்ட விதிதான் இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும்.

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் கீழ் இப்போது தமிழ்நாட்டின் மாநகராட்சிகள் பொதுவான சட்டத்தின்படி இயங்குகின்றன. கோவை ஒரு நல்ல நெறிமுறையை வகுத்தால் ஈரோடும் திருப்பூரும் சேலமும் அதைப் பின்பற்றுவது எளிது. ஒரு பக்கத் தாளில், எளிய தமிழில், வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டக்கூடிய அளவில் அது இருந்தால் போதும். அடுத்த பிப்ரவரி முகாமுக்குள் அந்தத் தாள் தயாராக வேண்டும்.