தூசிக் கலமும் அதன் மூடியும்

தச்சுப்பட்டறையொன்றினுள் வெயில் சாய்ந்து விழும் வேளையிற் புகுவோர், ஒளிக்கற்றையினூடே எண்ணிறந்த துகள்கள் மிதப்பதைக் காண்பர். காட்சி அழகியதேயாயினும் சுவாசிப்போர்க்கு நன்மை தருவதன்று. இழைப்புளி சீவியெறியும் சுருள்கள் காலடியில் வீழ்ந்து கிடக்கும். அவற்றால் நமது மார்புக்குக் கேடில்லை. இயந்திர ரம்பமும் உப்புத்தாளும் எழுப்பும் மெல்லிய பொடியோ, நெடுநேரம் காற்றில் நின்று மூக்கின் வழியே உட்புகுவது.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் ஊர் நாற்காலி செய்தற்குப் பேர்போனது. 1960-களில் அப்பக்கத்தில் காது மூக்குத் தொண்டை வைத்தியம் செய்துவந்த எஸ்மி ஹாட்ஃபீல்டு என்னும் அம்மையார், மிக அரிதாகிய ஒருவகை நாசிப் புற்றுநோயுடன் வருவோருள் மரச்சாமான் தொழிலாளர் மிகுந்திருத்தலைக் கவனித்தார். அவரும் வேறு சிலரும் கூடி ஆராய்ந்து கண்ட முடிபு 1968-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. 1995-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பன என்று ஐயமற உறுதிப்பட்ட பொருள்களின் வகுப்பிலே மரத்தூளைச் சேர்த்தது. ஆதலின், பட்டறைத் தூளைப் பிடித்து அடைத்தல் வெறுந் துப்புரவைப் பற்றிய காரியமன்று.

இத்தூளைப் பிடித்தற்குப் பெரிதும் வழங்குங் கருவி சுழற்கூம்பு என்பது. தகரத்தாலாகிய கூம்பொன்று நுனி கீழாக நிற்கும். விசிறி இழுக்க, தூள்கலந்த காற்று கூம்பின் மேற்புறத்தே சுவரை ஒட்டி நுழைந்து, சுற்றிச் சுற்றிச் சுழன்று இறங்கும். கனத்த துகள்கள் சுழற்சியால் வெளிப்புறந் தள்ளுண்டு, சுவரில் உராய்ந்து வேகமிழந்து, நுனியிலுள்ள துவாரத்தின் வழியே கீழிருக்கும் கலத்தில் வீழும். காற்றோ நடுவே திரும்பி மேலெழுந்து, உச்சிக்குழாய் வழியாக விசிறியையும் அதற்கப்பாலுள்ள வடிதுணியையும் அடையும். வீடுகளில் வழங்கும் பையில்லாத தூசியுறிஞ்சியை ஆக்கிய ஜேம்ஸ் டைசன் என்பார், மர ஆலையொன்றில் இத்தகைய கூம்பைக் கண்டே தம் முயற்சியைத் தொடங்கி 5,127 மாதிரிகள் செய்தனர் என்ப.

இனி மூடிக்கு வருவோம். விசிறி கூம்புக்கு அப்பால் நின்று இழுப்பதனால், கூம்பினுள்ளும் கலத்தினுள்ளும் காற்றழுத்தம் வெளியினும் குறைந்திருக்கும். ஆகவே மூடியில் விரிசலிருப்பின் தூள் வெளியே சிந்தாது. வெளிக்காற்றே உள்ளே பாயும். பாய்ந்த காற்று போவதற்கு வழி ஒன்றே, அது கூம்பின் நுனித்துவாரம். படிந்து கிடந்த தூளை வாரிக்கொண்டு அவ்வழியே மேலேறி, நடுச்சுழலிற் கலந்து, வடிதுணியைச் சென்று அடைக்கும். ஓட்டைக் குடம் ஒழுகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இக்கலத்தின் ஓட்டையோ தரையில் யாதொரு அடையாளமும் வைப்பதில்லை. கலம் விரைவில் நிறையவில்லையென்று பட்டறைக்காரர் மகிழ்ந்திருக்க, வடிதுணி அடைபட்டு, இழுப்புக் குன்றி, ரம்பத்தினருகே தூள் பழையபடி பறக்கும். அது கண்டு பெரிய விசிறி வாங்குவோரும் உளர். அழுத்த வேறுபாடு மிக மிக உட்பாயும் காற்றும் மிகுமாதலின், அவ்வைத்தியம் நோயையே வளர்க்கும்.

அவ்வேறுபாடு எவ்வளவினது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. விசிறியின் இழுப்பு 20 சென்டிமீட்டர் நீருயரத்துக்குச் சமம் எனக் கொள்வோமாயின், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மேலும் 20 கிராம் அமுக்கும். 56 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மூடியின் பரப்பு ஏறக்குறைய 2,460 சதுர சென்டிமீட்டர். எனவே வெளிக்காற்று 49 கிலோகிராம் பாரமாக மூடியின்மேல் வீற்றிருக்கும். மாணாக்கர் ஒருவர் அதன்மேல் ஏறி நிற்பதை ஒக்கும். மெல்லிய பலகை இதனால் நடுவிற் குழிந்து ஓரத்தில் நெகிழும். மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியாயின் கலமே உட்குழிந்து நசுங்கும். ஆதலின் இரும்பு டிரம்மே தக்கது.

மூடிக்கு 18 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட்டில் இரண்டு வட்டங்கள் அறுத்துக்கொள்ளலாம். ஒன்று டிரம்மின் விளிம்பின்மேல் அமர்ந்து சிறிது வெளியே நீண்டிருத்தல் வேண்டும்; மற்றொன்று வாயினுள் தாராளமாக இறங்கவேண்டும். இரண்டையும் பசையிட்டு ஒட்டித் திருகாணி முடுக்கினால், மூடி வளையவும் மாட்டாது, இடம்பெயரவும் மாட்டாது. பிளைவுட்டின் வெட்டுமுகத்திலுள்ள நுண்ணிய இடுக்குகளும் காற்றை விடுமாகையால், ஓரங்களுக்கு இருமுறை வார்னிஷ் பூசுதல் அவசியம். நடுத் துவாரத்திற் குழாயைப் பொருத்தும் இடத்தையும் திருகாணித் தலைகளையும் சிலிகோன் பசையால் அடைக்க. விளிம்பில் அரும்பாடுபட்டுவிட்டுக் குழாயின் கழுத்தை மறப்பது பலர்க்கு இயல்பு.

விளிம்பிற்கு இடும் மெத்தைப் பட்டையைத் தேர்வதில் விழிப்பு வேண்டும். நுரைரப்பரில் இருவகை உண்டு. ஒன்றன் கண்ணறைகள் ஒன்றினுள் ஒன்று திறந்திருக்கும்; அது பஞ்சுபோல் நீரையும் காற்றையும் ஊடுருவ விடுவது. மற்றொன்றன் கண்ணறைகள் தனித்தனியே மூடியிருக்கும். நமக்கு ஏற்றது இதுவே. துண்டொன்றை வாயில் வைத்து ஊதினால் வேற்றுமை விளங்கும். பட்டையின் இரு முனைகளும் கூடுமிடத்தைச் சாய்வாக வெட்டிச் சேர்ப்பது நேராக வெட்டுவதினும் சிறந்தது. நெளிந்த பழைய விளிம்பாயின், மூடியின் அடியிற் சிலிகோனை வளையமாக இட்டு, டிரம்மின் விளிம்பை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, மூடியை மெதுவாக அதன்மேல் வைத்து, பசை முற்றும் இறுகும்வரை விட்டுவிடலாம். விளிம்பின் மேடுபள்ளம் யாவும் அச்செடுத்தாற்போற் பதிந்து நிற்கும். தாளை உரித்தெடுப்பது எளிது. நாம் அறிந்த முறைகளுள் இதுவே மேலானது. இழுவிசைக் கொக்கிகள் சமதூரத்தில் மூன்றேனும் வேண்டும். விசிறி ஓடுங்கால் மூடியைக் காற்றே அமுக்கிவிடும். தொடக்கத்திற் பட்டையை விளிம்போடு நெருக்குவதே கொக்கியின் வேலை.

சோதனைக்கு ஊதுவத்தி போதும். விசிறியை ஓட்டி, புகையை விளிம்பைச் சுற்றிக் கொண்டுசென்றால், ஓட்டையுள்ள இடத்தில் அது நூல்போல் உள்ளே இழுபடும். ஆனால் தூள் நிரம்பிய கலத்தினருகே நெருப்பைக் கொண்டுசெல்லுதல் பேரபாயமாதலின், கலத்தையும் கூம்பையும் துப்புரவாக்கிய பின்னரே இதைச் செய்க. நெருப்புக்கு அஞ்சுவோர் இருட்டியபின் கலத்தினுள் மின்கைவிளக்கொன்றை எரியவிட்டு மூடி, ஒளி கசியும் இடங்களைக் குறித்துக்கொள்ளலாம்.

தூள் கூம்பின் நுனிவரை ஏறுமுன் கலத்தைக் கொட்டிவிடவேண்டும். மூடியில் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் துண்டொன்றைப் பதித்துவைத்தால் மட்டம் தெரியும். கொட்டியபின் மூடுமுன் விளிம்பை ஈரத்துணியால் துடைக்க. பட்டைக்கடியில் ஒரு சீவல் சிக்கினாலும், அதன் இருபக்கத்தும் காற்று நுழையும்.